தயவுசெய்து ஒன்று சேர்ந்துவிடாதீர்கள்

பெறுநர்: தெனாகா நேஷனல், பினாங்கு நீர் விநியோக வாரியம், இண்டா வாட்டர், பினாங்கு மாநகர் கழகம் ஆகியவற்றின் முகப்புகளில் வீற்றிருக்கும் மேன்மைமிகு அதிகாரிகள்.

பொருள்: வீடு மாறி வருவோருக்கு இரக்கம் காட்ட வேண்டாம் எனக் கோருதல்.

ஐயா, அம்மா,

பினாங்குக்குக் குடிவருகிறவர்கள் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். ஒரு வீட்டில் விளக்கு எரியவும், குழாயில் தண்ணீர் வரவும், கழிவு வெளியேறவும், குப்பை அள்ளப்படவும் எதற்கு நாலு இடம், நாலு கணக்கு எண், ஒரே அடையாள அட்டைக்கு நாலு நகல் என்று கேட்கிறார்கள். ஒரு விண்ணப்பப் பாரத்தை ஓரிடத்தில் கொடுத்தால் மற்ற மூன்று இடங்களுக்கும் செய்தி தானாகப் போய்ச் சேராதா என்பது அவர்கள் வாதம். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது, அதனால்தான் ஆபத்து. என்றாவது ஒரு நாள், மதிய உணவுக்குப் பிந்திய தூக்கக் கலக்கத்தில், இந்த வாதத்துக்கு நீங்கள் தலையாட்டிவிடக் கூடாதே என்ற கவலையில் இதை எழுதுகிறேன். அவர்கள் எடுத்துவைக்கும் சான்றுகளையும் அவற்றுக்குச் சொல்ல வேண்டிய பதில்களையும் இங்கேயே தந்துவிடுகிறேன். நீங்கள் வரிசை எண் கூப்பிடும் வேலையை நிறுத்த வேண்டியதில்லை.

முதலில் தண்ணீர். மூடா ஆற்றில் லஹார் தியாங்கில் இறைத்து, சுங்கை டுவாவில் சுத்திகரித்து, கடலுக்கடியில் போட்ட குழாய் வழியாகத் தீவுக்கு அனுப்பி, ஜோர்ஜ்டவுனில் ஏதோ ஒரு சந்துவீட்டு வாசல் மீட்டர் வரை கொண்டுவந்து நிறுத்துகிறீர்கள். பல ஆண்டுகள் நாட்டிலேயே மிக மலிவான வீட்டுத் தண்ணீராக இது இருந்தது என்ற பெருமையும் உண்டு. வழியில் யாரும் அந்தத் தண்ணீரிடம் காகிதம் கேட்பதில்லை. ஆறு ஓடிவரும் கெடாவின் மாநில அரசு அவ்வப்போது விலை கேட்கிறது; அதையும் தண்ணீரிடம் கேட்காமல் பினாங்கு அரசிடம் கேட்கிறது. இவ்வளவு தூரம் கேள்விமுறை இல்லாமல் வந்த ஒன்றை, குழாய்க்கும் வாளிக்கும் நடுவிலுள்ள கடைசிப் பத்தடியிலாவது யாராவது தட்டிக் கேட்க வேண்டாமா? இதைத் தாமதம் என்று சொல்பவர்களுக்குத் தத்துவம் புரியவில்லை.

அடுத்தது மின்சாரம். வாடகைக்கு வருபவர் தம் பெயரில் கணக்குத் திறக்க வேண்டுமானால் அடையாள அட்டை, வாடகை ஒப்பந்தம், மின் விநியோக ஒப்பந்தத்துக்கு 10 ரிங்கிட் முத்திரை வரி, இரண்டு மாத உத்தேசக் கட்டணத்துக்கு ஈடான முன்பணம். இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதே ஆள் அதற்கு முந்தின வாரம் வீட்டுக்காரரிடம் ‘டூ பிளஸ் ஒன் பிளஸ் ஹாஃப்’ கொடுத்திருப்பார்: இரண்டு மாத வாடகை பிணையாக, ஒரு மாதம் முன்கூட்டி, அரை மாதம் தண்ணீர் மின்சாரத்துக்கு. அதாவது, இன்னும் எரியாத விளக்குக்கு ஒருமுறை வீட்டுக்காரரிடமும் ஒருமுறை உங்களிடமும் முன்பணம். இதற்கு அஞ்சிப் பலர் கணக்கைப் பெயர் மாற்றாமலே விட்டுவிடுகிறார்கள். பில் வீட்டுக்காரர் பெயரிலேயே வருகிறது. வீட்டுக்காரர் காலமானாலும் வருகிறது. மனிதனுக்கு இறவாப் புகழ் தருவது கல்வெட்டும் காவியமும் என்று நம் முன்னோர் நினைத்தார்கள். மின்சார பில் என்ற மூன்றாவது வழி அவர்களுக்குத் தெரியாது.

பெயர் மாற்றாமல் விட்டவருக்கு அதன் பலன் மெதுவாகத்தான் தெரியவரும். பிள்ளையை முதலாம் ஆண்டில் சேர்க்கப் பதியும்போது முகவரிக்குச் சான்றாகத் தண்ணீர் பில்லோ மின்சார பில்லோ கேட்பார்கள். இம்மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பிள்ளை கிடைக்காதா என்று ஏங்கும் பள்ளிகளும் அவற்றில் உண்டு. தாய்மொழிப் பள்ளியைத் தேடி வரும் குடும்பத்திடம் இருப்பதோ, ‘எங்கள் வீட்டில் வேறொருவர் வசிக்கிறார்’ என்று அறிவிக்கும் ஒரு பில். வீட்டை நிரூபிக்க பில் வேண்டும், பில்லுக்கு வீட்டை நிரூபிக்க வேண்டும். கோழியா முட்டையா என்ற பழைய கேள்விக்கு இரண்டுமே நகல்தான், மூலப்படியைக் கொண்டுவாருங்கள் என்று பதில் சொன்ன ஒரே அமைப்பு நீங்கள்.

குறை சொல்பவர்களில் கொஞ்சம் படித்தவர்கள் வரலாற்றைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அவர்களிடம் உஷாராக இருங்கள். பாடாங் கோத்தா லாமா திடலுக்கு எதிரே 1903இல் கட்டிய வெள்ளைநிற நகர மண்டபத்தை அவர்கள் காட்டுவார்கள். அந்தக் காலத்தில் இந்த ஊரின் நகராட்சியே மின்சாரம் கொடுத்தது, தண்ணீர் கொடுத்தது, கழிவை அள்ளியது, 1906இலிருந்து மின்சார டிராமும் ஓட்டியது. 1957 ஜனவரி 1இல் நகர அந்தஸ்து கிடைத்த பிறகும் அப்படித்தான். ஆயர் ஈத்தாம் அணை 1962இல் எழுந்தபோது அது நகராண்மைக் கழகத்தின் அணை. தைப்பூசத்துக்குத் திரளும் தமிழர் ‘தண்ணீர்மலை’ என்று பெயரிட்ட இடத்து அருவிதான் அதற்கெல்லாம் முன்பே ஊருக்கும் துறைமுகக் கப்பல்களுக்கும் குடிநீர் தந்தது. 1973இல் தண்ணீர் மாநில நீர் வாரியத்துக்குப் போனது. 1976இல் மின்சாரம் தேசிய மின்சார வாரியத்துக்குப் போய், 1990இல் தெனாகா ஆனது. 1990களில் கழிவுநீர் இண்டா வாட்டருக்கு. ‘கணினியே இல்லாத காலத்தில் ஒரே கட்டடத்தில் முடிந்தது, கைபேசிக் காலத்தில் ஏன் முடியவில்லை?’ என்று இவற்றையெல்லாம் சொல்லிக் கேட்பார்கள்.

பதில் எளிது. எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால், தவறு நடக்கும்போது யாரைத் திட்டுவது என்று குடிமக்களுக்குத் தெரிந்துவிடும். நீங்கள் பிரிந்து நிற்பதால் அந்தக் கோபம் பகிர்ந்தளிக்கப்படுகிறது. மேலும், பிரிந்திருக்கிறீர்கள் என்பதே முழு உண்மை இல்லை. மாநகர் கழகத்தின் அலுவலகம் கொம்தார் கோபுரத்தில் 17ஆம் மாடியில். நீர் வாரியத்தின் தலைமையகம் அதே கொம்தாரில் 32ஆம் மாடியில். நடுவே 14 மாடியும் ஒரு லிஃப்டும் இருக்கின்றன. ஒரு வீட்டின் கதவு எண்ணை 17ஆம் மாடியும் அறியும், 32ஆம் மாடியும் அறியும். இருந்தும் ஒரு மாடி மற்ற மாடியிடம் வாய் திறந்ததாகத் தெரியவில்லை. இந்தப் பண்பாட்டை வேறு ஊரில் சம்பந்தி வீட்டாரிடம்தான் பார்க்க முடியும்.

உங்கள் நடைமுறைக்கு ஒரு நியாயமான தோற்றக்கதை உண்டு; அதை நீங்களே சொல்லிக்கொள்ளாதது எனக்கு வருத்தம். 1948க்கு முன் கட்டிய வீடுகளுக்கு 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் காவலாக இருந்தது. ஜோர்ஜ்டவுன் கடைவீடுகளில் தாத்தா குடியேறிய அறையில் பேரன் வளர்ந்தான். வாடகை ஏறாது, ஆள் நகரமாட்டார். யாரும் வீடு மாறாத ஊரில் வீடு மாறும் பாரம் எத்தனை பக்கம் இருந்தால் யாருக்கு என்ன? ஆனால் 1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிப வட்டாரம் வந்தது. கெடாவிலிருந்தும் பேராக்கிலிருந்தும் பிள்ளைகள் தொழிற்சாலை ஷிப்ட்டுக்கு வந்து அறை தேடினார்கள். 2000 பிறந்த அன்று வாடகைக் கட்டுப்பாடும் போய்விட்டது. பரம்பரையாக இருந்த குடும்பங்கள் மூட்டை கட்டின. 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் ஊர் ஏறியபோது சுவர்கள் காப்பாற்றப்பட்டன, குடியிருந்தவர்களில் பலர் அதற்குள் வேறெங்கோ போயிருந்தார்கள். ஊரே இடம் பெயர்ந்தது; பாரம் மட்டும் தாத்தா காலத்து நம்பிக்கையோடு, நீ எங்கே போய்விடப் போகிறாய் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. இதையும் பாரம்பரியச் சொத்தாக அறிவிக்கலாம் என்பது என் யோசனை.

‘இப்போது எல்லாம் செயலியில் வந்துவிட்டதே’ என்று உங்கள் தரப்பிலேயே சிலர் சொல்லக்கூடும். அவர்களை அடக்கிவையுங்கள். நாலு வரிசை நாலு செயலியானதுதான் மிச்சம், கடவுச்சொல்லும் நாலு. நாட்டில் 2001இலிருந்து சில்லு பதித்த மைகாட் அடையாள அட்டை இருக்கிறது. அந்தச் சில்லுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க முகப்புகளுக்கு ஆவலே எழுந்ததில்லை. அட்டையின் இருபக்கத்தையும் நகலெடுத்து, இன்ன காரியத்துக்கு மட்டும் என்று குறுக்கே கோடு போட்டுக் கொடுக்கச் சொல்கிறீர்கள். தனியுரிமை என்று ஒரு மறுப்பும் கைவசம் இருக்கிறது, அது நல்ல மறுப்பு. ஒருவருடைய விவரத்தை இன்னொரு நிறுவனத்துக்கு அவர் சம்மதமின்றித் தருவது தவறுதான். ஆனால் சம்மதம் கேட்க ஒரு கட்டமும் ஒரு கையெழுத்தும் போதுமே என்று எதிராளி சொல்வார். 2024 டிசம்பரில் நாடாளுமன்றம் தரவுப் பகிர்வுச் சட்டத்தையே நிறைவேற்றிவிட்டதே என்பார். அது கூட்டரசு நிறுவனங்களுக்கு மட்டும் என்று நிம்மதியாகப் பதில் சொல்லுங்கள். மாநிலமும் மாநகரமும் அதில் சேரவில்லை.

சிங்கப்பூர் பெயரையும் இழுப்பார்கள். அங்கே மின்சாரம், தண்ணீர், குப்பை எல்லாம் ஒரே கணக்கு, ஒரே பில். 1963இலேயே மின்சாரத்தையும் தண்ணீரையும் எரிவாயுவையும் ஒரே வாரியத்தின் கீழ் வைத்தவர்கள் அவர்கள். இதற்கு விளக்கம் வேண்டாம். ‘சாப்பாடு எங்கே நன்றாக இருக்கும்?’ என்று கேட்டால் போதும், எந்தப் பினாங்குக்காரரும் பேச்சை அத்தோடு மாற்றிவிடுவார்.

உங்களுடைய மிக வலுவான வாதம் பாக்கி. பழைய குடித்தனக்காரர் கட்டாமல் ஓடிவிடுகிறார், ஆகவே புதியவரைச் சோதிக்கிறோம் என்பீர்கள். உண்மைதான், ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதற்குத்தான் இரண்டு மாத முன்பணம். அதைவிடச் சங்கடமான கேள்வி வேறு. மின்சாரப் பாக்கியை விட்டுவிட்டு ஓடுகிறவர் அடுத்த வாரமே தீவின் மறுகோடியில் தண்ணீருக்கு நல்ல பிள்ளையாக மனுக்கொடுக்கலாம், ஒருவர் சேதி மற்றவருக்குத் தெரியாதே என்கிறார்கள். நீங்கள் பேசிக்கொள்ளாததால் அலைவது ஒழுங்காகக் கட்டுபவர், தப்புவது ஓடுபவர். இதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கும், அநேகமாக வேறு முகப்பில்.

குடியிருப்பவர் சொந்தக்காரரா என்று தெரியாமல் எப்படி இணைப்புக் கொடுப்பது என்றும் கேட்கலாம். வெல்ட் கீயில் கடலுக்கு மேல் மரக்கால்களில் நிற்கும் சீனக் குலத்துறைக் குடியிருப்புகளைக் காட்டிவிடுவார்கள். அங்கே நிலமே இல்லை, பட்டா எங்கிருந்து வரும்? ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்கும் தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தில் தலைமுறைகள் வாழ்கின்றன. அங்கேயும் விளக்கு எரிகிறது, தண்ணீர் வருகிறது.

கடைசியாக, உங்களுக்கெல்லாம் கெட்ட பெயர் வாங்கித்தரும் ஒருவரைப் பற்றி எச்சரிக்க வேண்டும். வீட்டுக்குள் நுழையும் பொருள்களிலேயே வெடிக்கக்கூடியது எரிவாயுத் தோம்புதான். 14 கிலோ, அரசு விலை 26 ரிங்கிட் 60 சென். அதற்குக் கணக்கு எண் இல்லை, வாடகை ஒப்பந்தம் இல்லை, முத்திரை வரி இல்லை. கடைக்கு ஒரு போன். கொஞ்ச நேரத்தில் ஒருவர் மோட்டார் சைக்கிளில் தோம்பைக் கட்டிக்கொண்டு வந்து, மாடி ஏற்றி, ரெகுலேட்டரை மாட்டி, கசிகிறதா என்று பார்த்து, காசை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். இது அராஜகம். இவரைப் பார்த்து மக்கள் கெட்டுப்போகுமுன் ஏதாவது செய்யுங்கள்.

இணைப்பு: இக்கடிதத்தின் நாலு நகல்கள், ஆளுக்கொன்று, அடையாள அட்டையின் இருபக்க நகல், கோடு போட்டது, நாலு, பழைய பில்லின் நகல், பெயர் மாறாதது, ஒன்று. கேஸ் கடைக்காரருக்கு நகல் அனுப்பவில்லை. எந்த மாடி என்பதற்கு மேல் அவர் எதையும் கேட்டதில்லை.

இப்படிக்கு,
உங்கள் வரிசையில் என்றும் பணிவுடன் நிற்கும்,
குடியிருப்பவர் (நிரூபணம் நிலுவையில்)