திறப்பு யாரிடம்?

2004 டிசம்பர் 26இல் கல்முனைக் கரையை அள்ளிய சுனாமி, யாரிடமும் இனம் விசாரிக்கவில்லை. பிறகு அரசு வந்தது: கிழக்கில் கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு கட்டாதே! சரி, வேறு காணி? கடலுக்கும் வயலுக்கும் நடுவே மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் வளவோடு வளவு முட்டிக் கிடக்கிறது.

அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் காசில் 500 வீடுகள் எழும்பின. பள்ளிவாசல், பாடசாலை, ஆஸ்பத்திரி, சந்தையும் கூடவே. அவை யாருக்கு என்று உடனே வழக்கு. 2009இல் உயர் நீதிமன்றம் இன விகிதாசாரப்படி பகிரச் சொன்னது. பகிர்வதற்குள் பற்றைக்காடு முந்திக்கொண்டது. அதற்குப் படிவமும் வேண்டாம், கிராம சேவகரின் கையொப்பமும் வேண்டாம். சுனாமியில் வீடிழந்தவர்களோ ஆண்டுக்கணக்கில் வாசலில் நின்றார்கள்.

வீடு கட்டக் காசு கிடைக்கும். திறப்பைக் கையில் கொடுக்கத்தான் நம் நாட்டில் ஆளில்லை.