முதல் நாள் வீரர்

கொட்டகலையில் விடியற்காலை பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களில் அவரை யாரும் அடையாளம் காட்ட வேண்டியதில்லை. மற்றவர்கள் மப்ளரைக் காது வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு நேரே தேத்தண்ணிக் கடைக்குள் நுழைவார்கள். இவர் மட்டும் நட்ட நடு ரோட்டில் நின்று, கண்ணை மூடி, நெஞ்சு நிறையக் காற்றை இழுப்பார். அதில் பாதி அவரை இறக்கிவிட்டுப் புறப்பட்ட பஸ்ஸின் புகை. "என்னா சுத்தமான காத்து!" என்பார்.

இவர்தான் முதல் நாள் வீரர். நான்கு நாள் நடைக்கு வந்திருக்கிறார். இன்று நோர்வூட், நாளை பொகவந்தலாவை, மறுநாள் டயகம, நாலாம் நாள் ஹோர்ட்டன் சமவெளி. பிறந்து வளர்ந்தது வெள்ளவத்தை. வேலை ஏ.சி. அறையில். மாடி ஏறுவதற்கு லிஃப்ட்.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பெக்கோ பாதை என்று ஒன்று வந்ததிலிருந்து இப்படியானவர்கள் பெருகிவிட்டார்கள். கண்டிக்கு மேலே ஹந்தானையில் தொடங்கி, முதல் தேயிலைத் தோட்டம் உண்டான லூல்கந்துரவைத் தொட்டு, எங்கள் பக்கம் வந்து, ஹப்புத்தளை, எல்ல எல்லாம் சுற்றி நுவரெலியாவில் போய் முடிகிற பாதை அது. 300 கிலோமீற்றருக்கு மேல், 22 கட்டங்கள். மிகேல் குனாட் என்பவரின் யோசனை; ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்க உதவி நிறுவனமும் பணம் கொடுத்தன. புதிதாக மலையை வெட்டிப் போட்ட பாதை அல்ல. தேயிலையை ஸ்டோருக்கும் ரயிலுக்கும் கொண்டுபோக வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் போட்ட தோட்டத்து ரோடுகளைத்தான் ஒன்றோடொன்று கோத்திருக்கிறார்கள்.

இந்தக் கடைசி விவரம் மட்டும் நம்முடைய வீரருக்கு எட்டவில்லை. அவர் காட்டுக்குப் போவதாக நினைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

அதற்கேற்ற ஆயத்தம். முதுகுப் பையின் உயரம் அவருடைய தலைக்கு மேலே ஒரு சாண். அதற்குள் தண்ணீர் வடிகட்டுகிற குழாய், பாம்புக் கடிக்குக் கட்டுத் துணி, இருட்டில் மாட்ட நெற்றி விளக்கு, திசைகாட்டி, வழி தவறினால் ஊத ஒரு விசில். இரண்டு கைக்கும் இரண்டு தடி. இதயத் துடிப்பை எண்ணுகிற மணிக்கூடு. தேயிலை மலைக்கு நடுவில் தொலைந்து போய்விடலாம் என்று அவர் உண்மையாகவே நம்புகிறார். இங்கே ஒருவர் தொலைவது அவ்வளவு லேசல்ல. பத்து நிமிசத்துக்கு ஒரு லயம், லயத்துக்கு நாலு நாய், நாய்க்கு ஒரு குரல். கையில் தடியோடு யார் வந்தாலும் அடிக்கத்தான் வருகிறார்கள் என்பது லயத்து நாய்களின் அனுபவம். அதனால் அவர் எந்த இடத்தில் நடக்கிறார் என்பது அடுத்த டிவிசனுக்கே தெரியும்.

புறப்படுமுன் விசில் வேலை செய்கிறதா என்று ஒருமுறை ஊதிப் பார்த்தார். வொலிபோல் மெச் தொடங்கிவிட்டதென்று ஆறேழு பொடியன்கள் ஓடி வந்தார்கள்.

முதல் மணி நேரம் அவருடையது. யாரையும் முன்னால் விடமாட்டார். கொழுந்து மலைக்குப் போகிற பெண்களைத் தாண்டினார், பால் கேன் தூக்கிப் போகிறவரைத் தாண்டினார், பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் தாண்டினார். எல்லோருக்கும் ஒரு "குட் மோர்னிங்." பிள்ளைகள் வகுப்பறைப் பழக்கத்தில் நின்ற இடத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு, "குட்... மோர்னிங்... சேஏஏர்!" என்று இராகம் போட்டார்கள்.

"தம்பி, அந்தா தெரியுதே, அது சிவனொளிபாத மலையா?"

"இல்ல சேர். அது ஏழாம் நம்பர் மலை."

"அதுக்கு அந்தப் பக்கம்?"

"எட்டாம் நம்பர்."

இங்கே எல்லா மலைக்கும் நம்பர் உண்டு. எந்த நம்பரில் இன்றைக்குக் கொழுந்து, எந்த நம்பரில் கவ்வாத்து, எதற்கு மருந்து அடித்திருக்கிறது என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். வீரர் எட்டாம் நம்பர் மலையை எட்டுக் கோணத்தில் படம் எடுத்துக்கொண்டார்.

அரை மணி கழித்து ஒரு வளைவில் திரும்பினால், அவர் தாண்டி வந்த அதே பெண்கள் முன்னால் நின்று கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"அக்கா, நீங்க எப்படி எனக்கு முன்னால வந்தீங்க?"

"குறுக்கால ஏறி வந்தோம். நீங்க ஏன் தம்பி லொறி ரோட்டுல சுத்துறீங்க?"

போன் காட்டின வழி அது. போனுக்குக் குறுக்கு தெரியாது. வீரர் அதைச் சொல்லவில்லை. "அப்படியே சிரிங்கக்கா, ஒரு போட்டோ" என்றார்.

"சிரிச்சா கொழுந்து கூடுமா தம்பி?"

அவள் சிரிக்காமல் கேட்டது விளையாட்டுக்கல்ல. பல தோட்டங்களில் நாளுக்கு 18 கிலோ எடுத்தால்தான் கூலிப் பதிவேடான செக்ரோலில் முழுப்பேரு விழும், குறைந்தால் அரைப்பேரு. 2024 செப்டெம்பரில் அந்த முழுப்பேருக்கு அடிப்படைக் கூலி 1,350 ரூபா என்று தீர்மானமானது. வீரர் போட்டிருக்கிற காலுறைக்கு அதைவிட விலை அதிகம். அது வியர்வையை உறிஞ்சுகிற காலுறையாம். அவளுடைய இடுப்பில் கட்டியிருக்கிற படங்கு மழையையும் முள்ளையும் அட்டையையும் சேர்த்தே தடுக்கும்.

அட்டை என்றதும் அவருடைய முகம் மாறுகிறது. அதுவரை அட்டையைப் பற்றி அவர் படித்துத்தான் இருந்தார். சப்பாத்துக்குள் ஏதோ ஈரமாக இருக்கிறதே என்று கழற்றிப் பார்த்தால் மூன்று அட்டைகள் காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு உருண்டு கிடக்கின்றன. பையிலிருந்து முதலுதவிப் பெட்டி வந்தது. கையுறை வந்தது. இடுக்கி வந்தது. அக்கா மடியிலிருந்து ஒரு சவர்க்காரத் துண்டை எடுத்துத் தடவினாள், முடிந்தது. "நாளைக்குச் சித்தாலேப பூசிக்கிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளப் போய்விட்டாள்.

பதினொரு மணிக்கு நோர்வூட்டில் இருப்பதாகத் திட்டம். பதினொன்றுக்கு அவர் ஒரு லயத்து வாசலில், கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்கார்ந்திருந்தார். ஆல்ப்ஸ் மலையில் ஒரு நாள் நடைக்கு ஒரு குடில் இருக்குமாம். அங்கே சூப்பும் கட்டிலும் கிடைக்குமாம். அந்த நினைப்பில், "இங்க பக்கத்தில தங்குற குடில் ஏதும் இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். இந்தப் பாதையில் அப்படிக் குடில் கிடையாது. இரவில் தங்குவதற்கு இருப்பது வீட்டோடு சேர்ந்த விடுதி, அல்லது விடுதியாக மாறிய பழைய துரை பங்களா. நடுவில் இருப்பவை எல்லாம் லயம். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஒரு குடும்பம் முழுக்கத் தங்கியிருக்கிறது. அதற்கு முன்பதிவு இல்லை.

வாசலில் இருந்த பாட்டி அவருக்குச் சாயத்தண்ணி போட்டுக் கொடுத்தார், கூடவே உள்ளங்கையில் கொஞ்சம் சீனி. சீனியை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் கோப்பையில் கொட்டியதைப் பாட்டி பார்த்துவிட்டார். விசாரணை தொடங்கியது.

"நீங்க எந்தத் தோட்டம் தம்பி?"

"நான் வெள்ளவத்தை, பாட்டி."

"அதுக்கு முன்னாடி?"

"முன்னாடியும் வெள்ளவத்தைதான். அப்பா கொட்டாஞ்சேனை."

"தாத்தா?"

வீரர் கொஞ்சம் யோசித்தார். "டிக்கோயாப் பக்கம்னு அப்பா சொல்லுவாரு."

"டிக்கோயாவுல மேக்கணக்கா, கீக்கணக்கா?"

"அதெல்லாம் தெரியாது பாட்டி. காமன் கூத்துல ஏதோ வேசம் கட்டுவாராம்."

"என்ன வேசம்?"

அந்த இடத்தில் அவர் குரல் இறங்கியது. "ரதி."

பாட்டி தொடையில் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். "அட, ரதி வேசக்காரர் பேரனா நீ! அவரு எங்க சின்னம்மாவுக்குத் தம்பி முறையாச்சே! எனக்கு மாமாடா அவரு. சேலையக் கட்டிக்கிட்டு அவரு அழுதா லயமே அழும்!" அதுவரை "நீங்க"வாக இருந்தவர் ஒரு நொடியில் "நீ" ஆகிவிட்டார். நாலு காம்பராவிலிருந்து ஆட்கள் வந்து, ரதியின் பேரன் முதுகில் பையோடு வந்திருப்பதைப் பார்த்தார்கள். ஏற்றத்தில் கூட அமைதியாக இருந்த அவருடைய மணிக்கூடு அப்போதுதான் துடிப்பு கூடிவிட்டதென்று கீச்சிட்டது.

நெடுந்தூரம் நடப்பது இந்த மலைக்குக் கொழும்பிலிருந்து வந்த புதுமை அல்ல. கோப்பித் தோட்டக் காலத்தில், 1820களிலிருந்து, தமிழ்நாட்டிலிருந்து வந்த சனங்கள் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரைக்கும் காடு வழியாக நடந்தார்கள். காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். அதன் 200 ஆண்டு நினைவாக 2023 ஜூலை 28இல் தலைமன்னாரில் தொடங்கிய நடை ஆகஸ்ட் 12இல் மாத்தளையில் முடிந்தது. பதினாறு நாள். வீரரின் குடும்பத்தில் முதன்முதலாகப் பல நாள் நடந்தவர் வீரர் அல்ல. அந்தப் பாட்டன் பூட்டன் பையில் விசில் இருந்திருக்காது.

பகல் ஒரு மணிக்கு மேல் பனிமூட்டம் இறங்கியது. பிறகு மழை. அவருடைய மழைக்கோட்டு வெளியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீரையும் உள்ளே விடாத சாதி. உள்ளேயிருக்கிற வியர்வையையும் ஒரு சொட்டு வெளியே விடாது. மழையில் நனையாமலே தொப்பலாக நனைந்தவர் அன்றைக்கு அந்த ரோட்டில் அவர் ஒருவர்தான்.

பாட்டி அவரைத் தனியாகப் போக விடவில்லை. பேரப்பிள்ளைகளில் ஒருவனை, "மாமாவ ஸ்டோர் சந்தி வரைக்கும் குறுக்கால கூட்டிக்கிட்டுப் போயி விட்டுட்டு வாடா" என்று அனுப்பினார். பொடியன் ரப்பர் செருப்போடு முன்னால் தாவிப் போனான். வளைவுக்கு வளைவு நின்று, "மாமா, களைச்சிட்டீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டான். அந்த மரியாதைதான் வீரரை மிகவும் வருத்தியது. சந்தியில் ஒரு ஓட்டோ நின்றது. மீதி வழியைப் பற்றி அவர் யாரிடமும் பேசுவதில்லை.

இரவு விடுதியில் ரொட்டியும் கட்டச் சம்பலும் ஒன்பதா பத்தா என்று கணக்கில்லாமல் போன பிறகு, சுடுதண்ணி வாளிக்குள் காலை வைத்துக்கொண்டு அவர் போனில் எழுதினார்: "முதல் நாள் வெற்றி! மனிதக் காலடி படாத மலைகளுக்கு நடுவே ஒரு தனிமைப் பயணம்." கூடவே எட்டாம் நம்பர் மலையின் படம். பெரிதாக்கிப் பார்த்தால் அதில் முப்பது பேர் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பது தெரியும்.

ஆனாலும் மனிதர் திருந்தாத சாதி அல்ல. மறுநாள் காலையில் பையை ஓட்டோவில் முன்னால் அனுப்பிவிட்டார். சித்தாலேப வாங்கிப் பூசிக்கொண்டார். தடி இரண்டையும் விடுதிக்கார அம்மாவின் போஞ்சிக் கொடிக்குக் கொடுத்துவிட்டார். ஒரு தோட்டத்து இளைஞனைக் கூலி பேசி வழித்துணைக்கு வைத்துக்கொண்டு, குறுக்கால ஏறலாமா என்று அவனிடமே கேட்டார். இப்படியானவர்களை நான் பார்த்தவரையில், இரண்டாம் நாளில்தான் அவர்களுக்கு மனிதர்கள் கண்ணில் படத் தொடங்குகிறார்கள்.

எங்கள் கணக்கப்பிள்ளையிடம் செக்ரோலைக் கொடுத்தால், முதல் நாளுக்கு அவருக்கு அரைப்பேருதான் போடுவார். அதுவும் பாட்டியின் முகத்துக்காக. இரண்டாம் நாளுக்கு முழுப்பேரு தாராளமாகப் போடலாம். நீங்களும் வருவதாக இருந்தால் வாருங்கள். வழித்துணைக்கு ஒரு தோட்டத்துப் பிள்ளையை வைத்துக்கொள்ளுங்கள், அவனுடைய கூலியில் மட்டும் பேரம் பேசாதீர்கள்.