மாப்பிள்ளையின் மசக்கை

மூன்றாம் மாதம் என் பெண்ணுக்கு மசக்கை வந்தது. மாங்காய் கேட்டாள். சாம்பார் வாசனை ஆகவில்லை. கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டாலே வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். இரண்டு வாரம் கழித்து மாப்பிள்ளைக்கும் வந்தது. அவருக்கு மாங்காய் வேண்டாம், வீடியோ கேமரா வேண்டும்.

இது 2006இல் நடந்தது. அதற்குப் பிறகு இந்த ஜாதி ஆண்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அறிகுறிகள் எல்லாருக்கும் ஒன்றுதான். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார்கள். சாப்பாட்டில் மனம் இருக்காது. சொந்தக்காரர் யாராவது வாயெல்லாம் பல்லாக, ‘நல்ல செய்தியாமே?’ என்று கேட்டால், ‘ஆமாங்க, டேப்பா டிஸ்க்கான்னுதான் இன்னும் முடிவாகலை’ என்பார்கள். பெண்டாட்டியின் வயிற்றில் எத்தனையாவது வாரம் என்று கேட்டால் விரல் விட்டு எண்ணுவார்கள். கேமராவின் எடை எத்தனை கிராம் என்று கேளுங்கள், தூக்கத்தில்கூடச் சொல்வார்கள்.

மாப்பிள்ளை சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தார். நாங்கள் கும்பகோணம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் என் மனைவியிடம், “மினி டிவிதான் அத்தை நல்லதுன்னு தோணுது” என்றார். போனை வைத்துவிட்டு அவள் என்னிடம் வந்து, “இருக்கிற இருபத்தொரு இஞ்ச் டிவி போதாதாமா? குழந்தைக்குன்னு தனியா குட்டி டிவி வாங்கப்போறாராம்” என்று அங்கலாய்த்தாள். மினி டிவி என்பது டிவி அல்ல, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கேசட் என்று அவளுக்குப் புரியவைக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. எனக்கே அப்போதுதான் புரிந்தது.

அந்தக் காலத்தில் வீட்டு வீடியோ கேமரா எல்லாவற்றுக்கும் எங்கள் பக்கம் ஹேண்டிகேம் என்றுதான் பெயர். சோனி 1985இல் தன் கேமராவுக்கு வைத்த பெயர் அது. வனஸ்பதி எல்லாம் டால்டா ஆன மாதிரி, கையில் பிடிக்கிற கேமரா எல்லாம் ஹேண்டிகேம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை அந்தச் சொல்லை வாயால் சொல்ல மாட்டார். ‘கேம்கார்டர்’ என்பார். ‘ர்’ரை இரண்டு தடவை அழுத்துவார்.

ஆடி மாதம் நான் சென்னை போயிருந்தபோது தன் எக்ஸெல் அட்டவணையைக் காட்டினார். கூட்டுறவு வங்கியில் முப்பத்திரண்டு வருஷம் கணக்கு எழுதியவன் நான். அப்படி ஒரு பேரேட்டை நான் பார்த்ததில்லை. முதல் கட்டத்தில் கேசட் கேமரா: ஒரு கேசட்டுக்கு 60 நிமிடம், தரம் நல்ல தரம், ஆனால் அந்த ஒரு மணி நேரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும், ஏற்றினால் 13 ஜிபி அடைத்துக்கொள்ளும். அவருடைய கம்ப்யூட்டரில் மொத்தமே 40 ஜிபி. இரண்டாவது கட்டத்தில் 8 சென்டிமீட்டர் அகலமுள்ள குட்டி டிவிடி போடுகிற கேமரா. எடுத்த கையோடு பிளேயரில் போட்டுப் பார்க்கலாம், ஆனால் நல்ல தரத்தில் எடுத்தால் 20 நிமிடத்தில் டிஸ்க் தீர்ந்துவிடும். மூன்றாவது கட்டத்தில் அப்போதுதான் வந்திருந்த ஹார்ட் டிஸ்க் கேமரா. அதில் கேசட்டும் வேண்டாம், டிஸ்க்கும் வேண்டாம். “கீழே போட்டா?” என்றேன். அட்டவணையில் புதிதாக ஒரு வரி சேர்த்து, ‘கீழே விழும் வாய்ப்பு’ என்று எழுதி, எனக்கு நன்றி சொன்னார்.

“எவ்வளவு நேரம் எடுக்கிறதா உத்தேசம் மாப்பிள்ளை?”

“முதல் வருஷம் தினம் ஒரு மணி நேரமாவது எடுக்கணும் மாமா.”

“அப்ப 365 கேசட். அதைப் பார்க்க?”

“அதுக்கும் தினம் ஒரு மணி நேரம்தான்.”

“ரெண்டாவது வருஷம் முழுக்க முதல் வருஷத்தைப் பார்த்துக்கிட்டிருந்தா, ரெண்டாவது வருஷத்தை யாரு எடுக்கிறது?”

இதற்கு அட்டவணையில் இடம் இல்லை.

ஜூம் விஷயத்தில் மட்டும் எனக்கும் அவருக்கும் மனஸ்தாபம் வரப் பார்த்தது. ஒரு கேமராவில் ஆப்டிகல் ஜூம் 20 மடங்கு, டிஜிட்டல் ஜூம் 800 மடங்கு என்று அட்டைப் பெட்டியிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தான். ஆப்டிகல்தான் லென்ஸ் செய்கிற வேலை, டிஜிட்டல் என்பது இருக்கிற படத்தை இழுத்துப் பெரிதாக்குவது, பழைய ரப்பர் பேண்டை இழுத்தால் வெளுக்கிற மாதிரி படமும் வெளுத்துப்போகும் என்று மாப்பிள்ளையே விளக்கினார். அதுவரை சரி. ஆனால் 20 மடங்கு போதுமா, 25 வேண்டுமா என்று அவர் மறுபடி யோசிக்க ஆரம்பித்ததும், “மாப்பிள்ளை, குழந்தை எவ்வளவு தூரத்துல படுத்திருக்கும்?” என்று கேட்டுவிட்டேன். மூன்று கிலோ, ஒன்றரை அடி. மடியில் கிடக்கப்போகிறது. என்னவோ அடுத்த மலையில் மேய்கிற வரையாட்டை எடுக்கப் போகிறவர் மாதிரி அவர் முகம் சுருங்கிவிட்டது.

அமெரிக்காவில் இருக்கிற அவருடைய சித்தப்பா மகன், “இங்கே விலை குறைவு, வாங்கிட்டு வரேன்” என்றான். அதில் ஒரு சிக்கல். அப்போது டிவிக்கு அங்கே என்டிஎஸ்சி முறை, இங்கே பால் முறை. அங்கே படத்துக்கு 525 கோடு, இங்கே 625. நூறு கோடு குறைந்தால் குழந்தை இளைத்த மாதிரித் தெரியுமோ என்று என் மனைவி பயந்தாள். அமெரிக்கா கைவிடப்பட்டது.

பிறகு ரிச்சி தெரு. மவுண்ட் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் போதும், மின்சாரத்தில் ஓடுகிற எதையும் அந்தச் சந்துகளில் வாங்கலாம், விற்கலாம், பிரித்துப்போடலாம். அதற்கு முந்தின நாள் பர்மா பஜாரையும் ஒரு சுற்றுச் சுற்றியிருந்தோம். பில்லோடு ஒரு விலை, பில் இல்லாமல் ஒரு விலை என்றார்கள். மாப்பிள்ளை பில் இல்லாத பொருளைத் தொடமாட்டார். ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்து, “கல்யாணத்துக்கா சார்?” என்றார்.

“இல்லை, குழந்தைக்கு.”

“குழந்தைக்கு என்ன வயசு?”

“இன்னும் பிறக்கலை.”

“அப்ப என்ன அவசரம்? ரெண்டு மாசம் கழிச்சு வாங்க. புது மாடல் வரும், இது விலை இறங்கும்.”

நல்ல மனிதர். ஆனால் மாப்பிள்ளையின் ஒரு மாதத் தூக்கத்தை அன்றோடு கெடுத்துவிட்டார். காத்திருந்தால் நல்ல கேமரா வரும். குழந்தை காத்திருக்காது. மாப்பிள்ளை கடைக்காரரைப் பார்த்த பார்வையில், டாக்டரிடம் பேசித் தேதியைத் தள்ளிப்போட முடியுமா என்ற யோசனை ஓடியது. சத்தியமாகப் பார்த்தேன்.

வீட்டில் வேறு ஒரு தடை முளைத்தது. பிறக்காத குழந்தைக்கு எங்கள் வீட்டில் ஒரு சட்டைத் துணிகூட முன்கூட்டி வாங்கமாட்டோம். தொட்டில், கிலுகிலுப்பை எதுவும் கிடையாது. கேமராவும் அந்தக் கணக்கில்தான் வரும் என்றாள் என் மனைவி. மாப்பிள்ளை ஒரு நிமிடம் திகைத்து நின்றார். பிறகு, “இது குழந்தைக்கு இல்லை அத்தை, எனக்குத்தான்” என்றார். ஆறு மாதத்தில் அவர் பேசிய முதல் உண்மை. அனுமதி கிடைத்தது.

கடைசியில் கேசட் கேமராவே வந்தது. அட்டவணைப்படி மூன்றாவது இடத்தில் இருந்த மாடல், அட்டவணையில் இல்லாத நிறம்.

ஆவணியில் வளைகாப்பு முடிந்து பெண்ணை அழைத்துவந்தோம். அதன்பிறகு சனிக்கிழமை தவறாமல் கோயம்பேட்டில் பஸ் ஏறி மாப்பிள்ளை வந்துவிடுவார். பெண்ணைப் பார்க்க என்று சொல்லிக்கொண்டார். வெள்ளோட்டம் விட அவருக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். கிரைண்டரில் மாவு தள்ளுகிற என் மனைவியை எடுத்தார். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டதையும் எடுத்தார். வடாம் காயவைத்த துணியை எடுத்தார், அதைக் கொத்த வந்த காக்கையை 20 மடங்கில் எடுத்தார். ஒரு ராத்திரி எனக்கு விழிப்புத் தட்டியது. கும்மிருட்டு. என் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி சிவப்பாக ஒரு பொட்டு மினுக்கியது. பூனையோ என்று எழுந்தால் மாப்பிள்ளை. “தூங்குங்க மாமா. நைட் ஷாட் டெஸ்ட் பண்றேன்.” மறுநாள் டிவியில் போட்டுக் காட்டினார். இன்ஃப்ராரெட் வெளிச்சத்தில் எல்லாம் பாசி பிடித்த பச்சை. பச்சைக் கட்டிலில் பச்சைக் கிழவன் ஒருவன் வாயைப் பிளந்து குறட்டை விடுகிறான், திடீரென்று கண்ணைத் திறக்கிறான், இரண்டு கண்ணும் நாய்க் கண் மாதிரி வெள்ளையாக எரிகின்றன. என் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இந்த நிலைமையில் அப்படிச் சிரிக்கக்கூடாது என்று அவள் அம்மா அதட்டினாள், அதட்டிவிட்டுத் தானும் சிரித்தாள்.

அன்று மதியம் மனைவியிடம் தனியாகச் சொன்னேன், மனிதருக்குப் பித்துப் பிடித்திருக்கிறது என்று. அவள் வெற்றிலைக்கு நரம்பு கிள்ளிக்கொண்டே, “உங்க ஹெச்.எம்.டி. வாட்ச் மறந்துபோச்சாக்கும்” என்றாள்.

மறக்கவில்லை. சொல்லாமல் விடலாம் என்றுதான் பார்த்தேன். 1979இல் இவள் முழுகாமல் இருந்தபோது, ஜாதகம் கணிக்கப் பிறந்த நேரம் துல்லியமாக வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. என் பழைய கடிகாரம் நாளுக்கு நாலு நிமிடம் பின்தங்கும். புது ஹெச்.எம்.டி.க்காக ஊர் ஊராகக் கடை ஏறினேன். வாங்கிய பிறகு, தினமும் ரேடியோ செய்திக்கு முன்னால் வருகிற ‘பீப்’ ஒலிக்கு விநாடி முள்ளைச் சரிபார்த்தேன். இவள் இடுப்பு வலி என்று சொன்ன அன்றுகூட, ‘இரு, செய்தி வந்துடட்டும்’ என்றேனாம். எனக்கு ஞாபகமில்லை. அவளுக்கு இருக்கிறது. என்ன செய்வது, வயிற்றில் ஒன்றும் இல்லாதவனுக்குக் கையிலாவது ஏதாவது வேண்டியிருக்கிறது. பிரசவ அறையிலிருந்து வெளியே வந்த நர்ஸ், முள்ளும் கையுமாக நின்ற என்னிடம், “பொம்பளப் புள்ள. ஆறே கால் இருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனாள். இருக்கும்!

அந்தப் பெண்ணை ஆறாம் மாதம் ஸ்டூடியோவுக்குத் தூக்கிக்கொண்டு போய், குப்புற விட்டு ஒரு படம் எடுத்தோம். அரைஞாண், கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு, போட்டோக்காரர் ஆட்டிய கிலுகிலுப்பையைப் பார்த்து மலங்க விழிக்கிற கண். அவளுடைய முதல் வருஷத்துக்கு அந்த ஒரு படம்தான். இன்னும் கூடத்தில் மாட்டியிருக்கிறது.

ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம் வலி எடுத்தது. போன் போட்டோம். மாப்பிள்ளை ராத்திரி பஸ்ஸில் கிளம்பி, விடியும்போது முழங்கால்வரை சேறோடு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். மனிதர் நனைந்திருந்தார். கேமரா மூன்று பிளாஸ்டிக் பைக்குள் உலர்ந்து இருந்தது. கை நடுங்கினாலும் படம் நடுங்காத வசதி அதில் உண்டு என்று சொல்லியிருந்தார். முழங்காலுக்கு அப்படி ஒன்றும் இல்லை போலிருக்கிறது, பெஞ்சில் உட்கார்ந்து ஆடிக்கொண்டே இருந்தார்.

கதவு திறந்தது. டவலில் சுற்றிய மூட்டையோடு நர்ஸ் வந்து, “யாரு அப்பா?” என்றார். மாப்பிள்ளை கேமராவோடு எழுந்தார். சிவப்பு விளக்கு எரிகிறது, எல்லாம் தயார். “அதைக் கீழ வெச்சுட்டுப் புள்ளைய வாங்குங்க சார்” என்றார் நர்ஸ். கேமராவின் தோல் பட்டைக்குள் மாட்டியிருந்த கையை அவரால் உருவ முடியவில்லை. ஒருவழியாக உருவி, கேமராவை என் கையில் திணித்து, “மாமா, அந்த சிவப்பு பட்டன்” என்றார். அவ்வளவுதான் அவரால் பேச முடிந்தது. குழந்தையை வாங்கிக்கொண்டார். ஒன்பது மாதம் அவர் தயாரித்துவைத்த முகம் எதுவோ, அது அல்ல அப்போது இருந்தது.

நான் சிவப்பு பட்டனை அமுக்கினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் அப்பாவையும் பிள்ளையையும் எடுத்தேன். போதும் என்று தோன்றியதும் மறுபடி அமுக்கிவிட்டுக் கேமராவைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டேன். என்ன நடந்ததென்று விஷயம் தெரிந்தவர்கள் ஊகித்திருப்பார்கள். மாப்பிள்ளை கொடுத்தபோதே அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. நான் முதலில் அமுக்கியதும் நின்றது. இரண்டாவது தடவை அமுக்கியதும் ஓட ஆரம்பித்தது.

365 கேசட் கணக்குப் போட்டவர் முதல் வருஷத்தில் எடுத்தது பதினான்கு. அடுத்த வருஷம் மூன்று. அதற்கடுத்தது ஒன்று, அதிலும் பாதி காலி. பிறகு பேரன் பிறந்தபோது செல்போனில் நாலு படம் எடுத்தார், அதில் இரண்டு மசங்கல். கேசட்டுகள் பிஸ்கட் டப்பாவில் கிடந்தன. கேமரா கேசட்டை விழுங்க மறுத்தது. புதுக் கம்ப்யூட்டர் எதிலும் அந்த ஃபயர்வயர் ஒயரைச் சொருக ஓட்டை இல்லை. போன வருஷம் மாப்பிள்ளை மறுபடி ரிச்சி தெருவுக்குப் போய், பழைய பிளேயர் வைத்திருந்த ஒருவரைப் பிடித்து, முதல் கேசட்டைப் பென் டிரைவில் மாற்றி வாங்கிவந்தார். மணிக்கு ஒரு மணி, அங்கேயே ஸ்டூலில் காத்திருந்தாராம்.

எல்லாரும் உட்கார்ந்து பார்த்தோம். பேத்தி இப்போது கல்லூரியில் படிக்கிறாள். ஆஸ்பத்திரியின் மொசைக் தரை, தலைகீழாக. என் வேட்டிக் கரை. சேறு காய்ந்த பேன்ட். ஒயர் கூடை, அதில் பிளாஸ்க். பதினோரு நிமிடம் இதுதான். சத்தம் மட்டும் கண்ணாடி மாதிரித் தெளிவு. வீல் என்று அழுகை. “மூக்கு அப்படியே மாப்பிள்ளை” என்று என் மனைவி. “சிஸ்டர், பிறந்த நேரம்?” என்று நான். “ஒன்பதே முக்கால் இருக்கும் சார்.” “இருக்கும்னா? என் வாட்ச்சில நாற்பத்திரண்டுதானே.” “இல்ல மாமா, கேமராவில நாற்பத்தெட்டு.” “உங்க கேமராவை ரேடியோவுக்கு வெச்சுச் சரிபார்த்தீங்களா மாப்பிள்ளை?” “ரெண்டு பேரும் மொதல்ல புள்ளையைப் பாருங்க!”

“தாத்தா, இதுல நான் எங்க இருக்கேன்?” என்றாள் பேத்தி.

எழுந்துபோய் டிவியின் சட்டத்துக்கு மேலே, சுவரில் ஒரு முழம் தள்ளிக் கைவைத்துக் காட்டினேன்.