பொட்டலத்தில் பின்னடித்த ஜாதகம்

விடுதி மாணவர் நள்ளிரவில் செயலியில் பிரியாணி சொல்லும்போது இருப்பிடம், கைபேசி எண், பணம் கட்டும் வழி, பசிக்கும் நேரம் எல்லாம் சேர்ந்தே போகின்றன. நிபந்தனைகளை யாரும் படிப்பதில்லை. கூப்பன் விழுந்ததா என்று மட்டும் இரண்டு முறை பார்ப்பார்கள். கொண்டு வருபவருக்கு எண் தெரியாமல் அழைப்பை இணைக்கும் வசதி உண்டுதான். ஆனால் பொட்டலத்தில் பின்னடித்த பில்லில் பெயரும் அறை எண்ணும் பளிச்சென்று இருக்கும். வாசல் காவலாளி அதை உரக்கப் படிப்பார்.

இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைக் காக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. 18 வயது நிரம்பாதவர் தரவைக் கையாளப் பெற்றோர் சம்மதம் தேவையாம். வீட்டுக்குத் தெரியாமல் தின்ன வீட்டின் அனுமதி! வாசனை பிடித்து வரும் அறைத்தோழருக்கு மட்டும் சட்டத்தில் பிரிவு இல்லை.