கூடாரத்துக்குள் ஒரு கட்டில்

கல்லூரி நாட்களில் என்.சி.சி. முகாமுக்குப் போனால் எங்களுக்கெல்லாம் தரைதான். வைக்கோலைப் பரப்பி, மேலே தார்ப்பாயை விரித்து, வீட்டிலிருந்து கொண்டுபோன பவானி ஜமக்காளத்தைப் போட்டால் படுக்கை தயார். மழைத் தண்ணீர் உள்ளே வராமல் கூடாரத்தைச் சுற்றிச் சின்ன வாய்க்கால் வெட்டுவோம். கட்டில் அதிகாரிகளுக்கு மட்டும்தான். குறுக்கே மடங்கும் மரக்கால்கள், நடுவில் விறைப்பான கித்தான் துணி. கனம் கொஞ்சநஞ்சமல்ல. "கட்டில்ல படுக்கணும்னா வீட்லயே இருந்திருக்கலாமே" என்பார் எங்கள் ஹவில்தார். தரையில் தூங்கத் தெரிந்தவனுக்குத்தான் காடும் மலையும் என்று நாங்களும் நம்பினோம்.

அந்த நம்பிக்கை எத்தனை பேரை வீட்டோடு நிறுத்திவிட்டது! அம்மாவுக்குக் கொடைக்கானல் என்றால் உயிர். ஆனாலும் கூடாரத்தில் அவர் ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை. குளிரோ பூச்சியோ காரணமில்லை. முழங்கால் வலியால், கீழே படுத்தால் யாராவது கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டும். அதற்கு அவர் மனம் ஒப்பவில்லை.

இப்போது அக்காவுக்கும் அதே முழங்கால் வலி. "கொடைக்கானல் பக்கத்துல மன்னவனூர்ல டென்ட் போட்டுத் தங்கணும்டா தம்பி" என்று அவள் சொன்னதும், மடக்குக் கட்டில் பார்க்க மதுரையில் கடை கடையாக ஏறி இறங்கினோம்.

கடைக்காரர்கள் முதலில் நீட்டுவது உயரம் குறைந்த அலுமினியக் கட்டில். இரண்டு, மூன்று கிலோ எடைதான்; சுருட்டினால் பைக்குள் அடங்கிவிடும். தரையிலிருந்து ஒரு சாண் உயரம்கூட இருக்காது. இளவட்டங்களுக்குச் சரி. முழங்கால் தேய்ந்தவருக்கோ அதிலிருந்து எழுவதும் தரையிலிருந்து எழுவதும் ஏறக்குறைய ஒன்றுதான். நாம் உட்காரும் நாற்காலி 45 சென்டிமீட்டர் உயரம். கட்டிலும் ஏறத்தாழ அதே உயரத்தில் இருந்தால்தான் காலை ஊன்றி எழ முடியும்.

உயரமான கட்டிலை எடுத்தால் சிக்கல் கூடாரத்துக்கு வருகிறது. இரண்டு பேருக்கென்று விற்கும் குமிழ்வடிவக் கூடாரத்தில் நடு உச்சியே 120 சென்டிமீட்டர் அளவில்தான் இருக்கும். 45 சென்டிமீட்டர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தால் தலை துணியில் முட்டும். பக்கச் சுவர் உள்நோக்கிச் சாய்ந்து வருவதால், 70 சென்டிமீட்டர் அகலக் கட்டில்கள் இரண்டை அருகருகே போடவும் முடியாது. ஆகவே கட்டிலையும் கூடாரத்தையும் சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். ஆள் நிற்கும் உயரமும் ஏறக்குறைய நேர்ச்சுவரும் உள்ள கூடாரம் கனம்தான். கார் பக்கத்தில் வந்து நிற்கும் இடமென்றால் அது ஒரு பொருட்டில்லை.

150 கிலோ தாங்கும் என்று அட்டையில் போட்டிருப்பதை மட்டும் பார்த்து வாங்கக்கூடாது. அந்தக் கணக்கு, உடம்பை நீட்டிப் படுத்து எடை பரவும்போது. எழும்போது மொத்த எடையும் ஓர் ஓரத்தில் இறங்குகிறது. கடையிலேயே ஓரத்தில் உட்கார்ந்து, எழுந்து பார்க்க வேண்டும். பக்கவாட்டில் சரிந்தால் அந்தக் கட்டில் வேண்டாம். அக்கா ஒவ்வொன்றிலும் ஒருக்களித்துப் படுத்தாள். அவள் தூங்குவது அப்படித்தான். துணி தொய்ந்தால் இடுப்பெலும்பு கீழிருக்கும் குறுக்குக் கம்பியில் இடிக்கும். தலைமாட்டிலும் கால்மாட்டிலும் கம்பி வரும் கட்டிலில், 190 சென்டிமீட்டர் நீளம் என்று எழுதியிருந்தாலும் அவ்வளவையும் பயன்படுத்த முடியாது. நெட்டையானவரின் குதிகால் கம்பியில்தான் கிடக்கும். கடைசிக் கம்பியைத் துணிக்குள் செருகி இறுக்குவதற்குப் புதிதில் இரண்டு பேர் வேண்டும். துணி கொஞ்சம் இளகிய பிறகு ஒருவரே போதும்.

கால்களையும் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். முனை கூராக இருந்தால் கூடாரத்தின் அடித்துணியைக் கிழித்துவிடும், ஈரமண்ணில் புதையும். கால்களை இணைக்கும் குழாய் தரையோடு நீளமாகக் கிடக்கும் அமைப்பே நல்லது.

குளிரைப் பற்றிக் கடையில் யாரும் பேசவில்லை. கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம். ஜனவரி ராத்திரிகளில் வெப்பம் 10 டிகிரிக்கும் கீழே இறங்கும். கட்டிலுக்கு அடியில் காற்று ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்லீப்பிங் பேக்கின் அடிப்பக்கம் நம் எடையில் நசுங்கிப்போவதால் முதுகுக்குச் சூடு தங்காது. அந்த நாளில் வைக்கோல் தாளுக்குள் அடைபட்ட காற்றுதான் எங்களைக் காப்பாற்றியது. இத்தனை விலை கொடுத்து வாங்கும் அலுமினியக் கட்டிலில் அது இல்லை. மேலே கெட்டியான ஃபோம் பாய் ஒன்றைப் போட்டே ஆக வேண்டும். சித்திரை மாதத்தில் ஏலகிரிக்குப் போவதாக இருந்தால் அடியில் ஓடும் அதே காற்று சுகம், பாய் தேவைப்படாது.

உயரமான கட்டிலோடு போன மன்னவனூரில், விடிகாலையில் எனக்கு முன்பே அக்கா எழுந்துவிட்டாள். யாரையும் கூப்பிடவில்லை. நான் வெளியே வந்தபோது சால்வையைப் போர்த்திக்கொண்டு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். "இனிமே வருஷா வருஷம் வரலாம்டா" என்றாள். எனக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது. கூடாரத்துக்கு ஆகாதவர்கள் என்று யாரும் இல்லை. அவர்களுக்கேற்ற உயரத்தில் ஒரு கட்டில் இல்லாமல் போயிற்று, அவ்வளவுதான்.

அடுத்த தடவை பெரியம்மாவையும் கூப்பிட்டிருக்கிறாள். பெரியம்மா யார் உதவியும் இல்லாமல் எழுந்துகொள்ளும் நாற்காலி எதுவோ, அதன் உயரத்தை நாடா வைத்து அளந்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அந்த அளவு வந்ததும் கடைக்குப் போக வேண்டும்.