வழிநிலைப் பழுது: நெடுஞ்சாலை மீட்புப் பணியின் முதல், கரு, உரி

ஓடிக்கொண்டிருந்த ஊர்தி, ஓட்டுநரின் விருப்பத்துக்கு மாறாகவும் எந்த ஊருக்கும் அருகில் இல்லாமலும் நின்றுவிடுவது வழிநிலைப் பழுது எனப்படும். வீட்டு வாசலில் செல்ஃப் எடுக்காமல் நிற்கும் கார் இவ்வரையறைக்குள் அடங்காது. ஏனெனில், அங்கே உரிமையாளர் காப்பி குடித்துக்கொண்டே மெக்கானிக்கை எதிர்பார்த்திருக்க இயலும். டீசல் தீர்ந்து நிற்பதைப் பழுதெனக் கொள்ளலாகாது, அது ஊர்தியின் குற்றமன்று, ஓட்டுநரின் குற்றமே என்பாரும் உளர். ஆயினும், காப்பீட்டு நிறுவனங்கள் கூடுதல் பிரீமியத்துக்குத் தரும் சாலையோர உதவித் திட்டங்கள், காற்றிறங்கிய டயர், உயிர்விட்ட பேட்டரி, காருக்குள்ளேயே பூட்டப்பட்ட சாவி ஆகியவற்றோடு தீர்ந்துபோன டீசலையும் ஒரே பட்டியலில் வைத்திருப்பதால், அவர் கூற்று பொருந்தாதென்க. நின்ற ஊர்தியை நின்ற இடத்திலேயே ஓடச்செய்வதும், அது இயலாவிடத்துக் கட்டி இழுத்தோ மேலே ஏற்றியோ ஒர்க்‌ஷாப் சேர்ப்பதும் மீட்புப் பணியாகும்.

இப்பணியின் தோற்றம் அத்துணை மாண்புடையதன்று. இங்கிலாந்தில் 1905-இல் தோன்றிய ஆட்டோமொபைல் அசோசியேஷன், வேக வரம்பை மீறுவோரைப் பிடிக்கக் காவலர் பதுங்கியிருக்கும் இடங்களைக் கார் வைத்திருப்போருக்கு முன்கூட்டி உணர்த்தவே தொடங்கப்பட்டது. அவ்வாறு எச்சரிப்பது குற்றமாகலாம் என்று 1910-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தபின், சங்கத்தின் ரோந்துக்காரர்கள் உறுப்பினரின் காரைக் கண்டால் சல்யூட் அடிப்பதென்றும், முன்னே காவலர் இருப்பின் அடிக்காமல் விடுவதென்றும் ஏற்பாடாயிற்று. சல்யூட் அடிக்காதவரைத் தண்டிக்க எந்தச் சட்டத்திலும் வழியில்லை. மீட்பு வண்டியோ அமெரிக்காவில் பிறந்தது. ஓடைக்குள் விழுந்த ஒரு காரை ஆறு ஆள்களும் கயிறுகளும் கொண்டு வெளியே இழுக்க எட்டு மணி நேரம் ஆனதைப் பட்டறிந்த எர்னஸ்ட் ஹோம்ஸ் என்பவர், 1916-இல் டென்னசி மாநிலத்துச் சட்டனூகா நகரில், காரின்மீதே கப்பியும் சங்கிலியும் பொருத்தி முதல் இழுவை வண்டியை அமைத்தார். அவ்வூரில் இன்று இழுவை வண்டிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் உள்ளது.

இனி, தமிழ்நாட்டு நெடுஞ்சாலையில் இப்பணி நிகழும் முறையை ஆராய்வதற்குத் தொல்காப்பியம் வகுத்த முதல், கரு, உரி என்னும் பாகுபாடே ஏற்றது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தில் காணப்படுவன கருப்பொருள். அங்கு நிகழும் ஒழுக்கம் உரிப்பொருள். கள ஆய்வுக்குச் சென்னை–திருச்சி நெடுஞ்சாலை எடுத்துக்கொள்ளப்படுகிறது.

நிலம்: சிக்கல் இங்கேயே தொடங்குகிறது. நெடுங்காலம் என்.எச். 45 என்று வழங்கிய இச்சாலை, எண்கள் மாற்றப்பட்டபின் திண்டிவனம் வரை 32 என்றும், அங்கிருந்து விழுப்புரம் வரை 132 என்றும், அதற்கப்பால் 38 என்றும் மூன்றாகப் பகுக்கப்பட்டிருக்க, அதில் செல்வோருள் பெரும்பாலோர் அதனை இன்றும் '45' என்றோ 'திருச்சி ரோடு' என்றோ மட்டுமே அறிவர். உதவி மையத்தார் முதலில் கேட்பது ஊர்திக்கு என்ன ஆயிற்று என்பதையன்று. எங்கே நிற்கிறது என்பதையே. அவ்விடத்து நிகழும் உரையாடல் பெரும்பாலும் பின்வரும் வடிவினது: “எங்க சார் நிக்கிறீங்க?” “மெயின் ரோட்லதாங்க.” “பக்கத்துல லேண்ட்மார்க் எதாவது?” “ஒரு கும்பகோணம் டிகிரி காபி கடை இருக்குங்க.” செங்கல்பட்டைத் தாண்டிய பின் அப்பெயர்ப் பலகை இல்லாத இடத்தைக் காட்டுவதே அரிது ஆதலின், இவ்விடை இடத்தைச் சுட்டுவதாகாது, சாலையின் இயல்பைக் கூறுவதாகவே கொள்ளப்படும். அடுத்த வினா, சென்னை போகும் பக்கமா, திருச்சி போகும் பக்கமா என்பது. நடுவே தடுப்புள்ள நான்குவழிச் சாலையில் இதற்குத் தவறான விடை கூறியவர், தம்மை மீட்க வந்த வண்டி எதிர்ப்புறத்தில் தம்மைப் பார்த்தபடியே கடந்துசென்று, அடுத்த யு-டர்னைத் தேடிப் போய் மறைவதைக் காணும் பேறு பெறுவர்.

இத்தனைக்கும் விடை சாலையோரத்திலேயே நடப்பட்டிருக்கிறது. தேசிய நெடுஞ்சாலையின் கிலோமீட்டர் கல் மஞ்சள் தலையும் வெண்மை உடலும் கொண்டது. மாநில நெடுஞ்சாலைக் கல்லின் தலை பச்சை. இரு கிலோமீட்டர் கற்களுக்கு இடையே 200 மீட்டருக்கு ஒன்றாகச் சிறு கற்களும் நடப்படுகின்றன. ஆகவே நின்றுபோன எவரும் சிறிது நடந்தால் தம் இருப்பிடத்தைத் துல்லியமாக அறியலாம். எனினும், கற்களில் எழுதியதைப் படித்தல் கல்வெட்டியலார் தொழில் என்று விட்டுவிட்டு, பானெட்டைத் திறந்து உள்ளே பார்த்தலையே மக்கள் விரும்புகின்றனர்.

பொழுது: வழிநிலைப் பழுதில் மூவகைக் காலம் இயங்குகிறது. முதலாவது சட்டக் காலம், இது மணிக்கணக்கினது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 201-ஆம் பிரிவு, பழுதான ஊர்தியைப் போக்குவரத்துக்கு இடையூறாக நிறுத்தியிருப்போருக்கு மணிக்கு இவ்வளவு என அபராதம் விதிக்க இடமளித்தது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் 50 ரூபாய் என்றிருந்த அதன் உச்சத்தை 500 ரூபாய் ஆக்கியது. இரண்டாவது உதவி மையக் காலம்; இதன் அலகு 'பத்து நிமிடம்' ஆகும். இவ்வலகின் தனித்தன்மை யாதெனில், அது கழிவதில்லை. முதல் அழைப்பில் “பத்து நிமிஷத்துல வந்துடுவாங்க” என்பதும், நாற்பது நிமிடம் சென்ற பின் நான்காம் அழைப்பில் “இன்னும் பத்து நிமிஷம் சார்” என்பதும் தம்முள் முரண்படுவதாகத் தோன்றினும், இரண்டாம் கூற்றிலுள்ள 'இன்னும்' என்னும் இடைச்சொல் முரணை நீக்கிவிடுகிறது. மூன்றாவது ஓட்டுநர் காலம். பின்னிருக்கையில் குடும்பத்தார் அமர்ந்திருப்பின் இது நீளும். கல்யாண முகூர்த்தத்துக்குச் செல்லும் குடும்பமாயின் அளவைக்கு அடங்காது.

கருப்பொருள்: இவற்றுள் தொன்மையானது மரக்கிளை. லாரி நின்றுவிட்டால் ஓட்டுநரும் கிளீனரும் முதற்கண் செய்வது, அருகிலுள்ள மரத்தில் தழையொடு கிளை ஒடித்து வண்டியின் பின்னே சொருகுவதும், சில கெஜ தூரத்துக்குக் கற்களை வரிசையாக அடுக்குவதும் ஆகும். வண்டி புறப்பட்ட பின்னும் கற்கள் அங்கேயே கிடந்து அடுத்த பழுதுக்கு வித்திடுவதால், இம்மரபு தன்னைத்தானே வாழவைத்துக்கொள்ளும் இயல்புடையது. காரில் இதற்கு ஈடானது சிவப்பு எச்சரிக்கை முக்கோணம். இது டிக்கியின் அடியில், வாங்கிய நாளில் இருந்த பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் உறைவது. அதன் அருகிலேயே இழுவைக் கொக்கியும் கிடக்கும். பம்பரிலுள்ள சிறு மூடியை அகற்றித் திருகிப் பொருத்த வேண்டிய அவ்விரும்பை, தம் காரில் அப்படியொன்று இருப்பதையே அறியாத உரிமையாளருக்கு எடுத்துக்காட்டுவது மீட்பு வண்டிக்காரரே. ஸ்டெப்னி என்பது நான்கு சக்கரங்களுக்கும் மாற்றாக வைக்கப்பட்டுள்ள ஐந்தாம் சக்கரம். அதில் காற்று இருக்க வேண்டும் என்பது விதி, இருக்கும் என்பது நம்பிக்கை.

மீட்பு வண்டிகளும் இருவகைப்படும்: முன்சக்கரங்களைத் தூக்கிப் பின்சக்கரங்களை உருளவிட்டு இழுப்பது ஒன்று, சாய்தளத்தில் வின்ச் கொண்டு முழுக் காரையும் மேலேற்றிச் செல்லும் பிளாட்பெட் மற்றொன்று. ஆட்டோமேட்டிக் கியர் உள்ள காரில் எஞ்சின் ஓடாதபோது கியர்பெட்டிக்குள் எண்ணெயைச் செலுத்தும் பம்பும் ஓடாது. மின்காரில் இயக்கச் சக்கரங்கள் உருண்டால் மோட்டார் மின்னாக்கியாக மாறிக் கேடு விளையும். இவற்றுக்குப் பிளாட்பெட்டே தக்கது. இதை அழைக்கும்போதே சொல்லாதவருக்கு முதலில் முதல்வகையும், அது வந்து பார்த்துத் திரும்பிய பின் இரண்டாம் வகையும் வரும். இடைப்பட்ட காலம் பல பத்து நிமிடங்கள்.

உரிப்பொருள்: இவ்வொழுக்கம் எத்திணைக்குரியது என்பதில் இருவேறு கொள்கைகள் எழக்கூடும். வேனிலும் நண்பகலும் நிழலற்ற வழியும் அமைந்திருத்தலானும், சங்கப் பாலையின் ஆறலைகள்வரைப் போல, எந்த மையத்தாலும் அனுப்பப்படாமல் தானே தோன்றி, நிற்பவரின் முகவாட்டத்தைப் பார்த்து இழுவைக் கூலி சொல்லும் தனியார் வண்டி வழியில் எதிர்ப்படுதலானும், இது பாலையே என்பது ஒரு கொள்கை. முல்லையே என்பது மற்றொரு கொள்கை: பாலையின் உரிப்பொருள் பிரிதல்; இங்கோ காருக்கும் உரிமையாளருக்கும் பிரிவு இனிமேல்தான் நிகழவேண்டும், அதுவும் ஒர்க்‌ஷாப்பில். இப்போது நிகழ்வது ஆற்றியிருத்தல், அது முல்லைக்குரியது. குறித்த பருவத்தில் வாராதவரை எண்ணி வருந்துவோரிடம் “வந்துவிடுவார்” என்று தோழி தேற்றுவது முல்லையின் மரபாதலின், “கவலைப்படாதீங்க சார், வண்டி கிளம்பிடுச்சு” என்னும் உதவி மையப் பெண்ணின் கூற்றைத் தோழி கூற்றாகக் கொள்ளத் தடையில்லை. ஆகவே, பாலைப் பொழுதில் முல்லை ஒழுக்கம் நிகழும் திணைமயக்கம் இது என்பதே துணிபு.

மேற்கூறியவற்றால் பெறப்படுவது யாதெனில், மீட்புப் பணியின் குறைகளென மக்கள் அடுக்குவனவற்றுள் பெரும்பாலானவை எஞ்சினைப் பற்றியன அல்ல. நிலமும் பொழுதும் பற்றியன. பொழுதைத் திருத்துவது நிற்பவரின் கையில் இல்லை. நிலத்தைத் திருத்தமாகச் சொல்வது முழுவதும் அவர் கையில் உள்ளது. தேசிய நெடுஞ்சாலையில் இரவும் பகலும் இயங்கும் 1033 என்னும் எண்ணை அழைத்தால் ரோந்து வண்டியும் கிரேனும் வர வழியுண்டு. முன்பு சுங்கச்சாவடி ரசீதில் அச்சிடப்பட்டிருந்த கிரேன் எண்ணைக் கசக்கி எறிந்தோர், 2021-இல் ஃபாஸ்டேக் கட்டாயமான பின் கசக்குவதற்கும் ரசீது இல்லாமல் செல்கின்றனர் ஆதலின், இவ்வெண்ணை மனப்பாடம் செய்தல் நலம். எனவே நெடுவழிச் செல்வோர் புறப்படுமுன் ஸ்டெப்னியில் காற்றடித்துக்கொள்க. முக்கோணத்தின் உறையைப் பிரித்து வைக்க. வண்டி நின்றால் பானெட்டைத் திறக்கும் முன் கிலோமீட்டர் கல்லைப் படிக்க.