பயறுக்குள் ஒரு பூட்டு

கேள்வி: டப்பாவில் பச்சைப்பயறு முழுக்க வண்டு ஓட்டை. பக்கத்து டப்பா ராஜ்மா மட்டும் எப்படித் தப்பியது?

பதில்: வண்டு முட்டையோடு சரி, துளைத்துத் தின்பது அதன் புழு. ராஜ்மாவில் உள்ள ஒரு புரதம், மாவுச்சத்தைச் செரிக்கும் புழுவின் அமைலேஸ் நொதியைக் கட்டிப்போட்டுவிடும். இலை நிறையச் சாப்பாடு, வயிறோ பட்டினி! ஆனால் ராஜ்மாவின் பிறந்த மண்ணான அமெரிக்கக் கண்டத்து வண்டுகளிடம் இந்தப் பாச்சா பலிக்காது. உள்ளூர்த் திருடனுக்குத் தெரியாத பூட்டா?

முள்ளங்கி விதை இன்னும் உஷார். முளைக்கும்போது தோல் வெடித்ததும், டிஃபென்சின் என்ற புரதத்தைச் சுற்றிலும் கசியவிட்டுப் பூஞ்சையை எட்டவே நிறுத்தும்.

ராஜ்மாவை ஊறவைத்து நன்றாகக் கொதிக்க விடுங்கள் அம்மா. இல்லாவிட்டால் அதிலுள்ள லெக்டின் என்ற இன்னொரு புரதம் வாசகி வயிற்றைப் பதம் பார்த்துவிடும்.